செல் போச்சு, ஸ்பீக்கர் போகவில்லை



கல்வராயன் மலையில் மரவள்ளி போட்டிருக்கிறவர்களுக்கு ராக்காவல் என்றால் என்ன என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிழங்கு பருக்கிற நாளில் காட்டுப்பன்றி இறங்கினால், விடிவதற்குள் கொல்லையை உழுது போட்டுவிட்டுப் போய்விடும். முன்பெல்லாம் பரண் கட்டி, தகர டின்னைத் தட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்போம். இப்போது பலபேர் கையடக்கமான புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை மரக்கிளையில் கட்டிவிடுகிறார்கள். நாய் குரைப்பு, ஆள் அதட்டல், தகரச் சத்தம் எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றிப் பாடவிடுகிறார்கள். கரண்டு வேலி போட்டு உயிர்ச்சேதம் வருவதைவிட இது எத்தனையோ மேல். ஒரே சத்தத்தைத் தினமும் கேட்டால் பன்றிக்குப் பழகிப்போகும். நாலு நாளைக்கு ஒருமுறை சத்தத்தையும் இடத்தையும் மாற்றுங்கள்.

நான் பேச வந்தது பன்றியைப் பற்றி அல்ல, அந்த ஸ்பீக்கரைப் பற்றி.

வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு பையன், விடிகாலை பஸ் பிடித்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, என் பட்டறைக்கு வந்தான். மடியில் துண்டில் சுற்றிய ஸ்பீக்கர்.

"அண்ணே, போன வருசம் ராத்திரி பூரா பாடிச்சு. இப்ப பத்து நிமிசம் பாடுது, கம்முனு ஆயிடுது. கடையில கேட்டா, இது பிரிக்க முடியாத மாடலு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கிறாங்க. கெழங்கு புடுங்க இன்னும் ரெண்டு மாசம் இருக்குதுண்ணே."

ரெண்டு மாதம் ராத்திரி சத்தம் இல்லையென்றால் கிழங்கு அவனுக்கில்லை. புது ஸ்பீக்கருக்குக் கையில் பணமும் இல்லை.

நான் டிரான்சிஸ்டர் காலத்து ஆள். 1960-களில் திருச்சி வானொலி ஆடுதுறை 27 நெல்லைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, தஞ்சாவூர்ப் பக்கம் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. அந்தக் காலத்து டிரான்சிஸ்டருக்குப் பின்னால் ஒரு மூடி இருக்கும். செல் தீர்ந்தால், மூடியைத் திறந்து புதுச் செல் போடுவோம். பாட்டு நின்றால் ரேடியோ செத்துப்போச்சு என்று யாரும் சொன்னதில்லை. செல் தீர்ந்துபோச்சு என்றுதான் சொன்னோம். இன்றைக்கு மூடி இல்லை, திருகாணி கண்ணில் படுவதில்லை, பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அதனால்தான் செல்லின் சாவை ஸ்பீக்கரின் சாவு என்று நினைத்துக்கொள்கிறோம். தண்ணீர் புகாமல் இருக்கவும், பெட்டி சின்னதாக இருக்கவும் இப்படிச் செய்கிறார்கள் என்பது வாஸ்தவம். புதுசு விற்கும் என்பதும் அதில் சேர்ந்ததுதான், என்னைக் கேட்டால்.

உள்ளே இருப்பது லித்தியம் அயான் செல். 1991-இல் சோனி கம்பெனி முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்கிய மூன்று பேருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. முந்நூறு, ஐந்நூறு தடவை முழுசாக ஏற்றி இறக்கினால் இதன் கொள்ளளவு குறைய ஆரம்பிக்கும். வெயிலில் கிடந்தால், சார்ஜிலேயே போட்டு வைத்தால், இன்னும் சீக்கிரம் மூப்படையும். பையனுடைய ஸ்பீக்கர் பகலெல்லாம் தகரக் கொட்டகையில் சார்ஜில் கிடந்திருக்கிறது.

பிரிப்பதற்கு முன்னால் நோய் எது என்று பாருங்கள். சார்ஜர் செருகினால் விளக்கே எரியவில்லையா? கேபிளோ, செருகும் துளையோ கெட்டிருக்கலாம். செருகியிருக்கும்போது நன்றாகப் பாடி, பிடுங்கினதும் படுத்துவிடுகிறதா? அநேகமாகச் செல்தான்.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பழைய டார்ச் செல்லைப் பிள்ளைகள் கல்லால் உடைத்துக் கரிக்குச்சியை எடுத்துச் சுவரில் எழுதி விளையாடும். இந்தச் செல்லை அப்படி உடைத்தால் தீப்பிடிக்கும். ஆணி குத்தினாலும், நசுக்கினாலும், இரண்டு முனையும் ஒன்றோடொன்று பட்டாலும் அதே கதிதான். பெரிய கம்பெனிச் செல்லும் இதற்கு விலக்கல்ல. 2007-இல் நோக்கியா கம்பெனியே, தன் போன்களுக்காக மட்சுஷிதா நிறுவனம் செய்த பிஎல்-5சி செல்களில் 4 கோடியே 60 லட்சம் செல்கள் சார்ஜ் ஏறும்போது அதிகமாகச் சூடாகக்கூடும் என்று அறிவித்து, மாற்றித் தர முன்வந்தது. சின்ன எஃப்.எம். ஸ்பீக்கர்களில் அதே அளவுச் செல்லைத்தான் இன்றைக்கும் பார்க்கிறோம். அந்த வகையில் பின்மூடி இருந்தால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். ஒட்டின பெட்டியாக இருந்தால், ஈயம் வைக்கத் தெரிந்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தானாக அணைகிறவரை ஸ்பீக்கரைப் பாடவிட்டுச் சார்ஜை இறக்கிவிடுங்கள். வேலையைச் சிமெண்டுத் தரையில் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு பக்கெட் மணல் இருக்கட்டும். திருகாணிகள் இல்லாமல் இல்லை, ஒளித்து வைத்திருக்கிறார்கள். அடியில் இருக்கும் ரப்பர்க் கால், கம்பெனிப் பெயர் ஒட்டின தாள், முன்பக்கத்து வலை, இந்த மூன்றையும் கிளப்பிப் பாருங்கள். பசைதான் பிடித்திருக்கிறது என்றால், வெந்நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியை விளிம்பில் கொஞ்சநேரம் வைத்து எடுங்கள். பசை இளகும். பழைய ஏ.டி.எம். கார்டை இடுக்கில் விட்டு மெதுவாக ஓட்டுங்கள். கத்தி வேண்டாம், நெருப்புக் காட்டவே வேண்டாம். திறந்ததும் வெடுக்கென்று இழுத்துவிடாதீர்கள். இரண்டு பாதியையும் சேர்த்து மெல்லிய ஒயர்கள் ஓடும்.

செல் தலையணை மாதிரி உப்பியிருந்தால் அமுக்காதீர்கள், குத்திக் காற்றை எடுக்காதீர்கள். சரியாக இருந்தால், எந்த ஒயர் எங்கே போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, செருகியிருந்தால் செருகியை உருவுங்கள். ஈயம் வைத்திருந்தால் சிவப்பு ஒயரைத் தனியாக வெட்டி டேப் சுற்றுங்கள், அதற்கப்புறம் கறுப்பை வெட்டுங்கள். இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டினால் கட்டரே இரண்டு முனையையும் இணைத்துவிடும், தீப்பொறி பறக்கும். எனக்குத் தெரிந்த ஒரு கெட்டிக்கார ஆசாமி அப்படி வெட்டித்தான் புருவத்தைப் பொசுக்கிக்கொண்டார். அந்த ஆசாமி நானேதான்.

பையனுடைய ஸ்பீக்கரில் இருந்தது 18650 என்கிற உருட்டுச் செல். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அதுதான் அந்த எண்ணின் அர்த்தம். இதற்கு 3.7 வோல்ட், முழுசாக ஏறினால் 4.2. புதுச் செல் வாங்கும்போதுதான் ஏமாறுகிறோம். மேலே 9800 எம்ஏஎச் என்று அச்சடித்திருப்பான். இந்த அளவில் நல்ல செல்லுக்கே 3500-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். மிச்சமெல்லாம் வெறும் அச்சு. நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராமுக்கு முன்னே பின்னே இருக்கும். 30 கிராம் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மலையில் இன்னொரு தப்பும் நடக்கிறது. கெட்டுப்போன சோலார் விளக்கிலிருந்து செல்லைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போடுகிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் சோலார் விளக்கில் வருவது பெரும்பாலும் 3.2 வோல்ட் பாஸ்பேட் செல், அது 3.65 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஸ்பீக்கரோ 4.2 வரை ஏற்றும். பழைய செல்லின் மேல் என்ன வோல்ட் எழுதியிருக்கிறதோ, அதேதான் வேண்டும். இரண்டு செல் இருந்தால் இரண்டையும் ஒரே வகையில், ஒரே சமயத்தில் மாற்றுங்கள். பழைய செல்லோடு விரல்நகம் அகலத்தில் ஒரு பச்சை அட்டை ஒட்டியிருக்கும். அது காவல்காரன், அளவுக்கு மேல் ஏறாமலும் இறங்காமலும் பார்த்துக்கொள்கிறது. புதுச் செல்லில் அது இல்லையென்றால் பழையதை எடுத்துப் பொருத்த வேண்டும். செல்லின் உடம்பில் நேராக ஈயம் வைக்காதீர்கள், அந்தச் சூடு உள்ளே போய்க் கெடுக்கும். நிக்கல் பட்டை பற்றவைத்த செல்லாகக் கேட்டு வாங்கி, பட்டையில் ஈயம் வையுங்கள்.

மூடும்போது விளிம்பில் மெல்லியதாகச் சிலிகான் தடவிக்கொள்ளுங்கள். மலையின் மழைக்கும் பனிக்கும் சும்மா மூடினால் போதாது. ஆனாலும் கம்பெனி மூடினபோது இருந்த அளவுக்குத் தண்ணீர் தாங்காது; மேலே ஒரு ஓலைக் குடலையைக் கவிழ்த்துவிடுங்கள், சத்தம் போகிற பக்கம் திறந்திருக்கட்டும். முதல் சார்ஜை ஆள் இருக்கும்போது, பகலில், வெறும் தரையில் போடுங்கள். வைக்கோற்போர் பக்கமோ பிள்ளைகள் படுக்கிற பாய் மேலேயோ கூடாது. கை பொறுக்காத சூடு வந்தால் இணைப்பைத் துண்டித்துவிட்டு விலகி நில்லுங்கள்.

நமக்கு மட்டும் வந்த கஷ்டமில்லை இது. ஐரோப்பிய நாடுகள் 2023-இல் ஒரு சட்டம் செய்தன. 2027 பிப்ரவரி 18-லிருந்து விற்கிற சின்னச் சாதனங்களில், சில விலக்குகள் தவிர, வாங்கினவரே செல்லைக் கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது அது. நம் நாட்டிலும் 2022-இல் மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதில் எடுத்துக்கொண்ட நான்கு இனங்களில் விவசாயக் கருவியும் ஒன்று, மின்னணுச் சாமானும் ஒன்று. பம்புசெட்டுக்கும் பவர் டில்லருக்கும் உதிரிச் சாமான் கேட்டு அலைந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். அடுத்த முறை ஸ்பீக்கர் வாங்கும்போது, "செல் மாத்த முடியுமா?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர் மேலே கேட்பார்.

பையனுக்கு 300 ரூபாய்க்குள் வேலை முடிந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போகிறபோது பழைய செல்லைக் கேட்டான், தம்பிக்கு விளையாடக் கொடுக்கலாமே என்று. நான் கொடுக்கவில்லை. இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, மற்ற பழைய செல்களோடு ஒரு மண்சட்டியில் போட்டு வைத்தேன். சட்டி நிறைந்தால் மின்கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுத்துவிடுவேன். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி இதைக் குப்பைமேட்டில் புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. உங்கள் வீட்டு அலமாரியில், பழைய போனோடு இப்படி எத்தனை கிடக்கிறதோ, இன்றைக்கே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உப்பியிருப்பதைத் தனியாக, வெளியே, மணல் போட்ட சட்டியில் வையுங்கள்.