பழைய நிரலும் புதிய பொறியும்



இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலே, ஒரு தொழிலாளியின் உழைப்பு முழுவதும் இறுதியில் ஓர் ஏட்டிலே வந்து தங்குகின்றது. அதுவே செக்ரோல். கொழுந்து எடுத்தவர்க்கும் பால் வெட்டியவர்க்கும் முழுப்பேரா, அரைப்பேரா என்று அதிலே குறிக்கப்படும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு 8 வீதமும், தொழில் கொள்வோர் 12 வீதமும் செலுத்துதல் வேண்டும். அக்கணக்குக்கு அடிப்படை இந்தப் பேரே. ஏடு மறைந்தால், முதுமையிலே கைக்கு வரவேண்டிய பணத்துக்குரிய ஆதாரமும் தளர்ந்துவிடும்.

ஏடு கணினிக்குள் புகுந்தபின் ஒரு புதிய இடர் தோன்றியது. தாளிலே எழுதியதை எழுத்தறிந்த எவரும் படிக்கலாம். கணினியிலே எழுதியதையோ, பெரும்பாலும் அதனை எழுதிய நிரல் இருந்தாலன்றிப் படித்தல் அரிது. ஒரு தோட்டக் கந்தோரை எண்ணிப் பார்க்க. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி காலத்துச் சம்பள நிரல் ஒன்று அங்கே இருக்கின்றது. பழைய பொறி ஒருநாள் ஓய்ந்துவிடுகின்றது. புதிய பொறியிலே நிறுவியை இயக்கினால், "இவ்வியங்குதளம் ஏற்றதன்று" என்று அது நின்றுவிடுகின்றது. ஓய்வுபெறும் மூதாட்டி ஒருவர், தம் பழைய ஆண்டுகளின் கணக்கைக் கேட்டு வாசலிலே காத்திருக்கின்றார். கிளாக்கர் ஐயா என் செய்வார்?

நிறுவி மறுப்பதற்குப் பல வேளைகளில் காரணம் மிகச் சிறியது. எக்ஸ்பியின் பதிப்பெண் 5.1, விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் பதிப்பெண் 10.0. "பதிப்பெண் 5தானா?" என்று மட்டும் வினவும்படி எழுதப்பட்ட நிறுவி, வேறு விடையைக் கேட்டுத் திரும்பிவிடும். பழைய துரையின் பெயரைச் சொன்னாலன்றிக் கடிதத்தைக் கொடாத தபாற்காரனைப் போன்றது இது. விண்டோஸிலே உள்ள ஒத்திசைவு முறை, அத்தபாற்காரனிடம் பழைய துரையின் பெயரையே சொல்லி அனுப்புகின்றது. நிரல் மாறுவதில்லை, அதற்குக் கிடைக்கும் விடையே மாறுகின்றது.

இம்முறையைக் கோப்பின் பண்புகள் பகுதியிலே குறித்து வைக்கலாம். ஆனால் அக்குறிப்பு அந்தக் கோப்பு இருக்கும் இடத்தோடு பிணைந்தது. கோப்பை வேறிடத்துக்கு மாற்றினால் குறிப்பு பயன்படாது. பத்துப் பொறிகளில் அமைக்க வேண்டுமாயின் பத்து முறை கைவேலை. இதற்கு மாற்று, 'பாட்ச்' எனப்படும் சிறு கட்டளைக் கோப்பு. அதன் முதல் வரி, இரண்டு அடிக்கோடுகளை முன்னே கொண்ட 'கம்பாட் லேயர்' என்னும் சூழல் மாறிக்கு 'வின்எக்ஸ்பிஎஸ்பி3' என்ற மதிப்பை அளிக்கும். இரண்டாம் வரி நிறுவியை அழைக்கும். அச்சாளரத்திலிருந்து தொடங்கும் நிரல்களுக்கு மட்டுமே அம்மதிப்பு செல்லும். சாளரத்தை மூடினால் மறையும். நிறுவிக்கு நிர்வாகி உரிமை வேண்டுமெனின், கட்டளைக் கோப்பையே முதலில் நிர்வாகியாகத் திறத்தல் வேண்டும். நடுவிலே உரிமை உயர்த்தப்படின், மாறி புதிய நிரலுக்குச் சென்று சேராது போகலாம்.

எனினும் இது எல்லா நோய்க்கும் மருந்தன்று. 16 பிற்று நிரல்கள் 64 பிற்று விண்டோஸிலே இயங்கா. 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு 32 பிற்றுப் பதிப்பே இல்லை. அவ்வகை நிரலுக்கு, பொறிக்குள் பொறியாகப் பழைய இயங்குதளத்தை வைக்கும் மெய்நிகர் பொறி ஒரு வழி. அச்சுப்பொறி போன்ற கருவிகளின் பழைய இயக்கிகளுக்கும் ஒத்திசைவு முறை உதவாது. எக்ஸ்பிக்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு நின்றன. ஆதலின் அத்தகைய இயங்குதளத்தை இணையத்தோடு பிணைத்தல் ஆகாது.

செயல் தொடங்குமுன் தரவின் படி ஒன்றை வேறிடத்தில் வைத்தல் முதற்கடமை. மூலத்தைத் தொடாது படியிலேயே சோதித்தல் இரண்டாவது. நிரல் திறந்தபின், ஏதேனும் ஒரு மாதத்துப் பேர்களைத் தாள் ஏட்டோடு ஒப்பிட்டு, தொகை சரியென உறுதி செய்தல் மூன்றாவது. இவை முடிந்தபின், கணக்குகளை எந்த நிரலாலும் படிக்கத்தக்க எளிய எழுத்துக் கோப்பாக வெளியெடுத்தல் வேண்டும். ஏனெனில் ஒத்திசைவு முறை ஊன்றுகோலே. ஊன்றுகோலையே காலாகக் கருதுதல் தகாது.

பொறிகள் பழையன கழிந்து புதியன புகும். ஆனால் மலைச்சரிவிலே மழையிலும் வெயிலிலும் பதிந்த ஒரு நாளின் பேர், பொறியோடு சேர்ந்து கழிந்துபோதல் கூடாது. அதனைக் காத்துக் கொடுத்தலே கந்தோரின் கடமை.