மாற்றுத்திறனாளி மாணவரும் கல்லூரிப் படிப்பும்

(ஊராட்சி மன்றத் தலைவர்கள், உறுப்பினர்கள் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், மண்வளம் ஆகியவை பற்றிக் காலைமுதல் இங்கே பேசப்பட்டது. இப்பொழுது பல்கலைக்கழகப் படிப்பைப் பற்றி நாம் பேசப் புகுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் கல்லூரிக்குச் செல்லும் மாணவர்களில் பலர் நம் கிராமங்களிலிருந்துதான் புறப்படுகின்றனர். அவர்களுள் கண்பார்வை அற்றோரும், காது கேளாதோரும், கால் ஊன்றி நடக்க இயலாதோரும் உளர். பன்னிரண்டாம் வகுப்புவரை பக்கத்துப் பள்ளியில் எப்படியோ படித்து முடித்துவிடும் இவர்கள், கல்லூரி வாயிலில் தயங்கி நின்றுவிடுவதை எங்கள் பணியில் கண்டுவருகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்து விவசாயி ஒருவரின் மகள் நல்ல மதிப்பெண் பெற்றுக் கல்லூரியில் சேர்ந்தாள். இரு கால்களிலும் காலிப்பர் அணிந்து, ஊன்றுகோலுடன் நடப்பவள். வகுப்பறை இரண்டாம் மாடியில் இருந்தது. ஒரு பருவம் முடியுமுன் படிப்பை நிறுத்திவிட்டாள். பிறகு நாங்கள் சென்று விசாரித்தபொழுது, கீழ்த்தளத்து அறையொன்றில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வகுப்பைக் கீழே மாற்றியிருக்கலாமே என்றோம். அப்படி எவரும் விண்ணப்பிக்கவில்லையே என்றார்கள். தந்தையைக் கேட்டால், இடம் கொடுத்ததே பெரிது, அதற்குமேல் எப்படிக் கேட்பது என்றார். மறுத்தவர் எவருமில்லை, கேட்டவரும் எவருமில்லை. அப்பெண் மீண்டும் கல்லூரிக்குப் போகவில்லை.

கேட்பதற்கு உரிமை உண்டா? உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை 'நியாயமான ஏற்பாடு' என்னும் கருத்தாகக் கூறுகிறது. ஒருவருக்கு உள்ள தடையை நீக்கத் தேவையான மாறுதலைச் செய்து கொடுக்க வேண்டும். அம்மாறுதல் நிறுவனத்தின்மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றுவதாக இருத்தலாகாது என்பது அதன் பொருள். இதே சட்டம் அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையோருக்கு ஒதுக்குகிறது. இடம் கிடைப்பது ஒன்று. கிடைத்த இடத்தில் இருந்து படிக்க முடிவது வேறொன்று. இவ்விரண்டையும் நம் மக்கள் ஒன்றெனக் கருதிவிடுகின்றனர்.

தேர்வில் கூடுதல் நேரம் கொடுப்பது சலுகையல்லவா, மற்ற பிள்ளைகளுக்கு அநீதியல்லவா என்று நம்மிடம் கேட்போர் பலர். முறைவைத்துப் பாசனம் செய்யும் ஊராரிடம் இதனை விளக்குவது எளிது. தலைமடை வயலில் மடை திறந்தவுடன் நீர் பாய்கிறது. கடைமடைக்கோ வாய்க்கால் முழுதும் நனைந்து நீர் வந்து சேரவே நெடுநேரம் செல்கிறது. அந்த ஓட்ட நேரத்தையும் கணக்கில் கொண்டு நீர்க்கட்டி கடைமடைக்காரருக்கு முறை வைத்தால், அவருக்கு அதிக நீர் கொடுத்துவிட்டதாக எவரும் வழக்காடுவதில்லை. (வழக்காடுவோரும் உண்டு என்று அங்கே ஒருவர் சிரிக்கிறார், அவர் தலைமடைக்காரராக இருக்கக்கூடும்.) மத்திய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், எழுதுவதில் தடை உள்ளவர்க்கு மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாமல் கூடுதல் நேரம் தரச் சொல்லின. மூன்று மணித் தேர்வாயின் ஒரு மணி கூடும். வினாத்தாள் எளிதாவதில்லை, தேர்ச்சிக்குரிய அறிவும் குறைவதில்லை.

ஏற்பாடு ஆளுக்கு ஆள் வேறுபடும். பார்வையற்றவருக்குத் தேவையானது கணிப்பொறியில் படிக்கத்தக்க பாடநூல். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கும் மென்பொருள்கள் இன்று உள்ளன. அவற்றுள் என்.வி.டி.ஏ. என்பது ஆஸ்திரேலியாவில் பார்வையற்றோர் இருவர் 2006இல் தொடங்கிய முயற்சி. இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. காது கேளாதவருக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டியிருக்கலாம். உதட்டசைவைக் கொண்டு புரிந்துகொள்பவராயின், ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்துப் பேசாமல் மாணவரைப் பார்த்துப் பேசினாலே பாதி வேலை முடிந்தது. வகுப்பைக் கீழ்த்தளத்திற்கு மாற்றுவதற்கும் ஒரு காசு செலவில்லை. அளவுக்கு மீறிய சுமை என்னும் சொல்லைக் கேட்டவுடனே எடுத்து நீட்டுவோர், முதலில் கணக்கைக் காட்டட்டும் என்பதே எமது எண்ணம்.

கட்டிட வேலை பார்க்கும் உங்களுக்குச் சாய்தளம் பற்றி ஒரு சொல். ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். 2021ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளும் இந்த அளவையே கூறுகின்றன. சில பொதுக் கட்டிடங்களில் மூன்றடி உயரத்திற்கு ஆறடி நீளத்தில் கட்டிவிட்டுச் சாய்தளம் என்கிறார்கள். அது சறுக்குமரம், சக்கர நாற்காலி அதில் ஏறாது.

வெளியே தெரியாத குறைபாடுகளும் உள்ளன. கற்றல் குறைபாடு, மனநோய், இரத்தம் உறையாமை போன்றவையும் சட்டம் கூறும் 21 வகைகளுள் அடங்கும். எழுதத் தொடங்கினால் கை இறுகிப்போகும் குறைபாடுடைய விகாஷ் குமார் என்பவர் மத்திய அரசின் குடிமைப் பணித் தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவர் ஒருவரைக் கேட்டார். 40 விழுக்காடு இல்லை என்று மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், இவ்வுதவிக்கு அந்த விழுக்காட்டை எல்லையாக வைத்தல் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே, கையெழுத்து வராத பையனைச் சோம்பேறி என்று சொல்லிவிடுமுன் மருத்துவரிடம் காட்டுவது நலம்.

நாம் செய்யவேண்டியது யாது? மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் கல்லூரி திறந்தபின் தேடும் பொருள்களல்ல. பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்பொழுதே பெறவேண்டும். கல்லூரியில் சேர்ந்த வாரத்திலேயே, இன்ன தடை, இன்ன ஏற்பாடு வேண்டும் என்று எழுத்தில் முதல்வருக்கு விண்ணப்பித்து, நகலில் ஒப்புதல் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொன்னது தேர்வு நாளில் எவர் நினைவிலும் இராது. சொல்வதை எழுதுபவரின் கல்வித் தகுதி பற்றிய விதிகள் அவ்வப்போது மாறுவதால், அதனைத் தேர்வுக்குப் பல வாரங்கள் முன்பே கல்லூரியில் கேட்டுக்கொள்க. வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை உள்ள பாதை கல்லூரியின் பொறுப்பன்று. அது ஊராட்சியின் பொறுப்பு. சேறும் குழியுமான அரை மைல், இரண்டாம் மாடியைக் காட்டிலும் கொடிது.

ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராக அமர்த்தத் தமிழ்நாட்டில் 2025ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. அத்தகைய உறுப்பினர் உங்கள் மன்றத்தில் இருப்பின், பாதையை அளக்கும்பொழுது அவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் ஊரில் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் இத்தகைய மாணவர் எத்தனை பேர் என்ற பட்டியலை, பள்ளித் தலைமையாசிரியரைக் கலந்து, தேர்வு முடிவு வருமுன் எமது அலுவலகத்திற்கு அனுப்புங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாத பெற்றோரைத் தயங்காமல் நேரில் வரச் சொல்லுங்கள். எழுதித் தர ஆள் இருக்கிறார்.