சிறைக்கணக்கும் செங்கோலும்

(பொழிவின் எழுத்துவடிவம்)



ஒரு நாட்டின் செங்கோல் நேராக நிற்கிறதா என்று அறிய விரும்புவார், அந்நாட்டின் அறநூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. சிறைக்கு அந்நாடு எவ்வளவு செலவிடுகிறது, எதற்காகச் செலவிடுகிறது, அச்செலவைக் கணக்குப் பார்ப்பவர் யார் என்று வினவினாலே போதும். இதற்குத் தக்க எடுத்துக்காட்டு, அமெரிக்க ஒன்றிய நாடுகளுள் ஒன்றாகிய தெக்சாசு மாநிலம்.

அம்மாநிலச் சட்டமன்றத்தில் மேலவையினர் 31 பேர். கீழவையினர் 150 பேர். ஈராண்டுக்கு ஒருமுறை, 140 நாள் கூடுவர். ஈராண்டுக்குரிய வரவுசெலவுத் திட்டமும் குற்றச் சட்டங்களும் அந்நாள்களுக்குள் முடிந்தாக வேண்டும். எங்கேனும் ஒரு கொடுங்குற்றம் நிகழ்ந்தால் மக்கள் கொதிப்பர். அக்கொதிப்பு அடங்குமுன் உறுப்பினர் ஒருவர் எழுவார். பத்தாண்டுச் சிறையை இருபதாண்டு ஆக்குக என்பார். மறுத்துக் கைதூக்குபவர், குற்றவாளிக்குப் பரிந்தவர் என்று அடுத்த தேர்தலில் தூற்றப்படுவார். ஆகவே மறுப்பார் அரியர்.

செலவு என்னாகும்? சட்ட முன்வரைவுகளுக்குச் செலவுக்குறிப்பு இணைக்கும் வழக்கம் அங்கு உண்டு. ஆனால் அக்குறிப்பின் பார்வை ஐந்தாண்டுத் தொலைவோடு நின்றுவிடும். கூட்டிய பத்தாண்டுச் சிறையின் செலவோ பதினோராம் ஆண்டில்தான் தொடங்கும்! இன்று கைதூக்குபவர் வேறு; அன்று வரி கொடுப்பவர் வேறு.

இன்னொரு முரணும் உண்டு. அங்குள்ள 254 மாவட்டங்களிலும் குற்றவழக்கு நடத்துநரை அவ்வப் பகுதி மக்களே தேர்ந்தெடுக்கின்றனர். குற்றவாளியை மாவட்டச் சிறையில் வைத்தால் செலவு மாவட்டத்தினது. மாநிலச் சிறைக்கு அனுப்பினால் செலவு மாநிலத்தினது. உண்பவன் ஒருவன், விலை கொடுப்பவன் மற்றொருவன் என்றால் பந்தியில் அளவு ஏது? 1990களில் மட்டும் தெக்சாசுச் சிறையாளர் தொகை ஏறத்தாழ மும்மடங்காயிற்று.

2007இல் கணக்கு வாயிலில் வந்து நின்றது. 2012ஆம் ஆண்டுக்குள் மேலும் 17,000 பேர்க்கு இடம் வேண்டும். அதற்கு 200 கோடித் தாலர் அளவிற்குச் செலவாகும் என மதிப்பிட்டனர். அப்போது குடியரசுக் கட்சியைச் சேர்ந்த செர்ரி மேடன் கீழவையின் சிறைக் குழுவிற்குத் தலைவர். மக்களாட்சிக் கட்சியைச் சேர்ந்த சான் விட்மயர் மேலவையின் குற்றவியல் குழுவிற்குத் தலைவர். கட்சியால் எதிரெதிரானவர், ஆயினும் இருவரும் ஒரே வினாவை எழுப்பினர்: சிறைக்குள் வருபவர் யார்? வெளியேறாதவர் ஏன் வெளியேறவில்லை?

விடை வியப்பளித்தது. வருவோருள் பெருந்தொகையினர் புதுக்குற்றவாளிகள் அல்லர்; கண்காணிப்பில் விடப்பட்டிருந்து, அதன் விதிகளை மீறியதால் உள்ளே தள்ளப்பட்டவர். வெளியேறாதவருள் பலர், முன்விடுப்புப் பெறத் தகுதி இருந்தும், குடிநோய்க்கும் மயக்கமருந்து நோய்க்கும் மருத்துவம் பெறும் முறை வாராமையால் காத்துக் கிடந்தவர். மருத்துவரிடம் செல்ல வேண்டியவனைப் பூட்டி வைப்பதற்கே புதுச்சிறை கட்டவிருந்தனர்!

சட்டமன்றம் வழியை மாற்றியது. 24 கோடியே 10 நூறாயிரம் தாலரை நோய்நீக்க விடுதிகளுக்கும், உளநோய் மருத்துவத்திற்கும், சிறைக்கும் வீட்டிற்கும் இடைப்பட்ட தங்குமனைகளுக்கும் ஒதுக்கியது. வருமென மதிப்பிட்ட பெருக்கம் வரவில்லை. குற்றமும் குறைந்தது, அக்காலத்தில் நாடெங்கும் குறைந்ததுதான். எனினும், சிறை கட்டாவிடின் கொள்ளை பெருகும் என்ற அச்சுறுத்தல் பொய்யாயிற்று. 2011இல் சுகர்லாண்டு ஊரிலிருந்த பழஞ்சிறை மூடப்பட்டது. அம்மாநில வரலாற்றில் மாற்றுச் சிறை கட்டாமல் மூடிய முதற்சிறை அதுவே.

இதோடு நிறுத்திவிட்டால், கணக்கே அறம் என்று எண்ணத் தோன்றும். அந்த ஊர் மண்ணையே கேளுங்கள். வேறு செய்தி சொல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெக்சாசு அரசு தன் சிறையாளரைக் கரும்புத் தோட்டக்காரர்க்குக் குத்தகைக்கு விட்டுப் பணம் பெற்றது. அன்று சிறை செலவன்று, வருவாய்! கணக்கேட்டில் அதனினும் சிறந்த சிறை உண்டோ? 2018இல் அவ்வூரில் பள்ளிக் கட்டடத்திற்கு மண் தோண்டியபோது 95 பேரின் எலும்புகள் வெளிப்பட்டன. குத்தகைக்கு விடப்பட்டு மாண்டவர் அவர். ஏறத்தாழ அனைவரும் கறுப்பின மக்கள். கணக்கேட்டின் மறுபக்கம் அந்தக் கல்லறை!

இன்றும் அம்மாநிலச் சிறைகளுள் பெரும்பாலானவற்றில் முழுமையான குளிரூட்டல் இல்லை. கோடையில் அறைகள் உலைக்களம் ஆகின்றன. குளிரூட்டக் கோரும் முன்வரைவுகளைக் கீழவை 2021இலும் 2023இலும் ஏற்றது. மேலவையைக் கடந்து அவை சட்டமாகவில்லை. சிறிது சிறிதாகவே பணம் ஒதுக்கப்பட்டது. 2025இல் ஒன்றிய முறைமன்ற நடுவர், இவ்வெப்பம் அரசியல் சட்டத்திற்கு மாறானது என்றார். ஆயினும் உடனே குளிரூட்டுமாறு ஆணையிடவில்லை. 2007இல் செலவு மிச்சப்படும் என்றபோது எளிதில் ஒன்றுபட்ட கைகள், செலவிட வேண்டும் என்றபோது தயங்குகின்றன!

பெருமக்களே! கணக்குப் பாராத ஒறுப்பு வெறும் சினம். அறம் பாராத கணக்கு வெறும் வணிகம். சட்டம் இயற்றுவார் இரண்டையும் ஒருங்கே ஏந்த வேண்டும். எந்நாட்டிலேனும் ஒருவர் எழுந்து "சிறையைக் கூட்டுக" என்று முழங்கினால், கைதட்டுமுன் இரண்டு கேளுங்கள்: இதன் செலவு எந்த ஆண்டில், யார் தலையில் விழும்? உள்ளே செல்பவன் மாந்தனாக வெளிவருவானா? இவ்விரண்டுக்கும் விடை சொல்லாதவன் கையில் இருப்பது செங்கோல் அன்று, வெறுங்கோல்.