அம்பிகாபதி ஏன் சாகவேண்டும்?
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இன்றிரவு நம் உறுப்பினர்கள் 'அம்பிகாபதி' நாடகத்தை நடிக்கவிருக்கின்றனர். ஒத்திகையின்போது அன்பர் சிலர், "ஆண்டு விழா மங்கலமாக முடியவேண்டாவா? குழந்தைகளும் பார்ப்பார்களே! காதலர் இருவரையும் வாழவைத்துவிட்டால் என்ன?" என்று கேட்டனர். அன்பினால் எழுந்த கேள்வி அது. அதற்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

கதை நாம் அறிந்ததே. கம்பர் மகன் அம்பிகாபதி, சோழன் மகள் அமராவதியைக் காதலிக்கின்றான். காதற்சுவை கலவாமல் நூறு பாடல் பாடினால் அவள் அவனுக்கு உரியவள், தவறினால் கொலைக்களம். இது மன்னன் விதித்த நிபந்தனை. பாடல்களை எண்ணிவந்த அமராவதி, காப்புச் செய்யுளையும் கணக்கிற் சேர்த்துவிடுகின்றாள். நூறும் முடிந்ததென்று களிப்புடன் எட்டிப் பார்க்கின்றாள். முடிந்தவை தொண்ணூற்றொன்பதே! அவளைக் கண்டவன் அவளையே பாடுகின்றான், உயிரிழக்கின்றான்.

இது செவிவழிக் கதையே, வரலாறு அன்று. ஆயினும் 1937-இல் எம். கே. தியாகராஜ பாகவதரும், 1957-இல் சிவாஜி கணேசனும் அம்பிகாபதியாகத் திரையில் தோன்றினர். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்க, இளங்கோவன் உரையாடல் எழுதிய முதற்படத்தில் ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' சாயலும் உண்டு. அங்கே ஒரு கடிதம் உரிய வேளையிற் சேரவில்லை. இங்கே ஓர் எண்ணிக்கை பிசகியது.

ஆனால், அப்பிசகா அவனைக் கொன்றது? எழுத்தர் பணியிலுள்ள நாம் நாள்தோறும் கணக்குப் பார்க்கின்றோம். ஒன்று குறைந்தால் மறுபடியும் கூட்டித் திருத்திக்கொள்கின்றோம். சோழன் அவையிலும் இன்னும் ஒரு பாடலைக் கேட்டிருக்கலாம். கேட்க மனமில்லை. காதலே குற்றம் என்று வைத்த நிபந்தனையன்றோ அவனைக் கொன்றது? முடிவை மாற்றினால் அந்நிபந்தனை மறைந்துபோகும்; மன்னனும் நல்லவனாகிவிடுவான்.

முடிவை மாற்றும் முயற்சி அண்மையிலும் நடந்தது. 2013-இல் வெளிவந்த 'ராஞ்சனா' என்னும் இந்திப் படம் தமிழில் 'அம்பிகாபதி' என்றே பெயர் பெற்றது. கதை வேறு, ஆயினும் நாயகன் இறப்பதே முடிவு. 2025 ஆகஸ்டில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அவனைப் பிழைக்கச் செய்து, படத்தை மீண்டும் திரையிட்டனர். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் நடிகர் தனுஷும் அதனை வன்மையாக எதிர்த்தனர்.

திரையில் பிழைக்கவைக்கலாம். வாழ்க்கையில்? பெங்களூரிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதை தருமபுரி வழியே செல்கின்றது. 2013 ஜூலையில், சாதி கடந்து மணந்த ஓர் இளைஞனின் உடல் தருமபுரியில் தண்டவாளத்தின் அருகே கிடந்தது. 2016 மார்ச்சில், அவ்வாறே மணந்த மற்றோர் இளைஞன் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் வெட்டுண்டு மாண்டான். அவர்களை எந்தக் கருவி எழுப்பும்? இத்தகைய செய்திகளை நாம் படித்துவிட்டு மடித்து வைக்கின்றோம். நாடகமோ நம்மை எழவிடாமல் அமர்த்திப் பார்க்கச் செய்கின்றது. அதனாலேயே இப்பழங்கதை இன்றும் வேண்டப்படுகின்றது.

நாளை நம் மகனோ மகளோ ஒரு பெயரைச் சொல்லி நம்முன் நிற்கலாம். அது வேறு சாதிப் பெயராகவோ, அண்டை வீட்டுக் கன்னடப் பிள்ளையின் பெயராகவோ இருக்கலாம். அப்பொழுது நாம் சோழனாவோமா, பெற்றோராவோமா? இன்றிரவு அம்பிகாபதி மேடையில் மடியட்டும், அன்பர்களே. அக்கேள்வியோடு வீடு திரும்புவோம். விடை நல்லதாயின், அதுவே இவ்விழாவின் மங்கலம்.

வாழ்க தமிழ்!