பலகையில் இரண்டு பைகள்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



அழைப்பிதழில் என் தலைப்பு 'அமெரிக்காவில் என் அனுபவங்கள்' என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பேச ஆரம்பித்தால் நீங்கள் பந்திக்கு எழுந்து போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். எனவே தலைப்பை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்கிறேன். நேற்று ராத்திரி ஹாஸ்டல் வராந்தாவில் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் பெஞ்ச் நண்பன் ஒருவன் (பேர் வேண்டாம், மூணாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான்) ஒரு கேள்வி கேட்டான். "டேய், பைபாஸ் ரோட்டுல மால் கட்டப் போறாங்களாம். ரிடையர்மெண்ட் பணத்தைப் போட்டு ஒரு கடை வாங்கினா வாடகை வந்துகிட்டே இருக்கும்ங்கிறாங்க. நீ மால் ஊர்ல இருக்கிறவனாச்சே, என்ன சொல்றே?" காலையில் சொல்கிறேன் என்றேன். இதோ சொல்கிறேன்.

நான் 1984ல் ஒஹாயோ மாநிலத்திலுள்ள கிளீவ்லாண்டுக்குப் போனேன். கணக்கர் வேலை. கிளீவ்லாண்டுக்குத் தென்கிழக்கே நார்த் ராண்டால் என்று ஒரு சிற்றூர். ஒரு சதுர மைல்கூடக் கிடையாது. அப்போது மக்கள் ஆயிரத்துச் சொச்சம். நம்மூரில் ஒரு தெருவில் அவ்வளவு பேர் இருப்பார்கள். அந்த ஊரில் பழைய குதிரைப் பந்தய மைதானம் ஒன்று இருந்த இடத்தில், எட்வர்ட் டிபார்டலோ என்ற பெரிய கட்டுமான முதலாளி 1976 ஆகஸ்டில் ராண்டால் பார்க் மாலைத் திறந்தார். 22 லட்சம் சதுர அடி. ஏக்கர் கணக்கில் சொன்னால் ஐம்பது ஏக்கர், அவ்வளவும் கட்டடம்! கார் நிறுத்தும் இடம் இதில் சேராது. உலகத்திலேயே பெரிய மால் என்று விளம்பரம் செய்தார்கள். சியர்ஸ், ஜே.சி.பென்னி, ஹிக்பீஸ், மே கம்பெனி, ஹார்ன்ஸ் என்று ஐந்து பெரிய கடைகள். அவற்றுக்கு நடுவே சின்னக் கடைகள். ஊரில் குடியிருந்தவர்களைவிட மாலில் வேலை பார்த்தவர்கள் அதிகம். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பலகையில் இரண்டு கடைப் பைகளைச் சின்னமாகவே போட்டுக்கொண்டார்கள். நாம் கோபுரம் போடுவதில்லையா, அது மாதிரி.

நான் போன புதிதில் அதைப் பார்த்து வாயைப் பிளந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. வெளியே முழங்கால் வரை பனி. உள்ளே போனால் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு சட்டையோடு நடக்கலாம். கிளீவ்லாண்டில் 1978லிருந்து தியாகராஜ ஆராதனை நடக்கிறது அல்லவா, அதற்கு ஊரிலிருந்து வருகிறவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு முதலில் காட்டுவது நயாகரா, இரண்டாவது இந்த மால். ஒரு மாமி, "இதைச் சுத்தி வந்தா கிரிவலம் போன புண்ணியம் உண்டு" என்றார்.

மூடிய மால் என்ற யோசனையே வியன்னாவிலிருந்து 1938ல் அகதியாக வந்த விக்டர் குரூயன் என்ற கட்டடக் கலைஞருடையது. 1956ல் மினியாபொலிஸ் பக்கத்தில் அவர் கட்டிய ஸௌத்டேல்தான் முழுக்க மூடிக் குளிர், சூடு சமப்படுத்திய முதல் மால். அதைச் சுற்றி வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் வந்து ஒரு ஊராக ஆக வேண்டும் என்று அவர் கனவு கண்டார். பின்னால் வந்தவர்கள் கடையையும் கார் நிறுத்தும் இடத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கடைசிக் காலத்தில் வியன்னாவுக்கே திரும்பிப் போன குரூயன், இந்த மால்களுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று கைகழுவிவிட்டார்.

சரி, ஏன் அத்தனை மால் கட்டினார்கள்? வாங்க ஆள் இருந்ததால் என்று நினைப்போம். பி.காம். படித்தவர்கள் இங்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். 1954ல் அமெரிக்க வருமான வரிச் சட்டத்தில் ஒரு மாற்றம் வந்தது. புதுக் கட்டடத்துக்கு முதல் சில வருஷங்களிலேயே தேய்மானத்தைக் கூடுதலாகக் கழித்துக்கொள்ளலாம். நம் பேராசிரியர் தேய்மானம் நடத்தும்போது நாம் தூங்கினோம். அங்கே அதை வைத்து ஒரு தேசத்தையே கட்டினார்கள். பழையதைப் பராமரிப்பதைவிடப் புதியதைக் கட்டுவது லாபம். 1956ல் நெடுஞ்சாலைச் சட்டமும் வந்தது. ரோடு போகிற இடமெல்லாம் மால். இதற்கிடையில் கிளீவ்லாண்ட் நகரத்தின் ஜனத்தொகை 1950ல் 9 லட்சத்துக்கு மேல், 1980ல் 5 லட்சத்து 74 ஆயிரம். ஆலைகள் மூடுகின்றன, ஆட்கள் போகிறார்கள், மால்கள் மட்டும் கூடுகின்றன. ராண்டால் பார்க் திறந்து இரண்டே வருஷத்தில், சில மைல் வடக்கே பீச்வுட் பிளேஸ் என்ற இன்னொரு மால் வந்தது. சற்றுப் பணக்கார இடம்.

இங்கே என் பங்கையும் சொல்ல வேண்டும். நாங்களும் மெல்ல பீச்வுட்டுக்கு மாறினோம். ராண்டால் பார்க்குக்குக் கறுப்பின மக்கள் அதிகம் வர ஆரம்பித்ததும், "அந்தப் பக்கம் அவ்வளவு பத்திரமில்லை" என்று ஒரு பேச்சு கிளம்பியது. வெள்ளைக்காரர்கள் மட்டும் பேசவில்லை. எங்கள் தமிழ் வீடுகளில், சாம்பாரைப் பரிமாறிக்கொண்டே பேசினார்கள். நானும் தலையாட்டினேன். எனக்கு அங்கே ஒருநாளும் ஒன்றும் நேர்ந்ததில்லை. ஆனாலும் வண்டி தானாக வடக்கே திரும்பியது.

மால் எப்படிச் சாகும் என்பதைக் கணக்குப் புத்தகத்தில் பார்த்தவன் நான். அந்த வட்டாரத்து மால் ஒன்றில் (எது என்று கேட்காதீர்கள்) செருப்புக் கடை வைத்திருந்தவருக்குக் கணக்கு எழுதினேன். மாலின் ரகசியம் இதுதான்: பெரிய கடைகள் வாடகையே அதிகம் கொடுப்பதில்லை. சில சமயம் அவர்கள் கட்டடம் அவர்களுக்கே சொந்தம். கூட்டத்தை இழுத்து வருவதே அவர்கள் கொடுக்கும் வாடகை. மாலை நடத்துவது சின்னக் கடைக்காரன் கொடுக்கும் வாடகையும் பராமரிப்புப் பணமும். பெரிய கடை ஒன்று போனால், விவரமான கம்பெனிகள் ஒப்பந்தத்தில் முன்பே எழுதி வைத்திருப்பார்கள், வாடகையைக் குறை அல்லது நான் கிளம்புகிறேன் என்று. நம்ம செருப்புக் கடைக்காரர் அப்படி எழுதவில்லை. பக்கத்துக் கடைகள் பூட்டப் பூட்ட இவர் வியாபாரம் பாதியாயிற்று, வாடகை அப்படியே. கடைசி வருஷக் கணக்கை முடித்துக் கொடுத்தபோது அவர் என்னைக் கேட்டார், "நான் எங்கே தப்புப் பண்ணேன்?" செருப்பு விற்றதில் அவர் ஒரு தப்பும் பண்ணவில்லை.

ராண்டால் பார்க்கில் ஜே.சி.பென்னி 2001ல் போனது. ஹிக்பீஸ் டில்லார்ட்ஸ் ஆகி, அதுவும் 2002ல் போனது. 2009ல் மால் உள்ளேயே பூட்டு. சியர்ஸும் அந்த வருஷம் கிளம்பியது. 2014 கடைசியில் இடிக்கத் தொடங்கினார்கள். கணினியில் வாங்கும் பழக்கம்தான் மாலைக் கொன்றது என்று சொல்வார்கள். இந்த மால் அதற்கு முன்பே நோயில் விழுந்துவிட்டது. ஆனால் இடத்தை எடுத்துக்கொண்டது யார் தெரியுமா? அமேசான்! அதே மண்ணில் 2018ல் 8 லட்சத்து 55 ஆயிரம் சதுர அடியில் கிடங்கு. வேலை கிடைத்திருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை, இரண்டாயிரம் பேருக்கு மேல். ஆனால் உள்ளே போய்ச் சட்டையோடு நடக்க முடியாது. போன மழைக்கோட்டை நான் அவர்களிடம்தான் வாங்கினேன். பெட்டி வாசலில் வந்து கிடந்தது.

நண்பா, நிமிர்ந்து பார். உன் மால் ஓடுமா ஓடாதா என்று என்னால் ஜோசியம் சொல்ல முடியாது. ஆனால் நம்மூரில் உன்னிடம் கடையை விற்றுவிட்டுக் கட்டினவன் போய்விடுவான். அங்கேயாவது முதலாளி கடைசி வரை வாடகைக்காகவாவது கவலைப்பட்டான். பெரிய கடையாக யார் வரப் போகிறார்கள், எத்தனை வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அவர்கள் போனால் உனக்கு என்ன, லிஃப்டையும் ஏ.சி.யையும் யார் ஓட்டுவது, அதே பைபாஸில் இன்னும் எத்தனை மாலுக்கு மனு நிற்கிறது என்று கேட்டாயா? "வாடகை வந்துகிட்டே இருக்கும்" என்று யாராவது எழுதிக் கொடுத்தானா? அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்றுதானே நேற்றுச் சொன்னாய்? ஒப்பந்த நகலை எடுத்துக்கொண்டு நாளைக் காலை வா. செவ்வாய்க்கிழமை வரை நான் இங்கேதான் இருக்கிறேன். தேய்மானம் வகுப்பில் தூங்கினதற்கு இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.

பந்தி போட்டுவிட்டார்கள் என்று செயலாளர் சைகை காட்டுகிறார்.