எண்கள் என்று சில உண்டா?

மேசையின்மீது ஐந்து பழங்கள் இருக்கின்றன என்றால் பழங்களைச் சுட்டிக் காட்டலாம். ஐந்து என்பதைக் காட்ட இயலுமா? பழங்களைத் தின்று தீர்த்த பின்னும் ஐந்து தீர்ந்துபோவதில்லை. இடத்திலும் காலத்திலும் அடங்காத இத்தகையவற்றை அருவப் பொருள்கள் என்பர். கணிதம் மெய்யாக வேண்டுமானால் இவை இருந்தே தீர வேண்டுமா என்பதுதான் கேள்வி.

ஜெர்மானியப் பேராசிரியர் ஃபிரேகே 1884-இல் ஒரு நூலில் இதை ஆராய்ந்தார். 'வியாழனுக்கு நான்கு நிலாக்கள் உண்டு' என்பதையே, 'வியாழனுடைய நிலாக்களின் எண் நான்கு' என்றும் சொல்லலாம் அன்றோ? (ஐந்தாம் நிலா 1892-இல்தான் தென்பட்டது, இன்று அறியப்பட்டவை 90-க்கும் மேல்.) முன்னதில் நான்கு என்பது அடைமொழி, பின்னதில் அதுவே ஒரு பொருளின் பெயர். அவருடைய வாதம் இதனினும் நுட்பமானதுதான். ஆயினும் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்குப் பெயர்ச்சொல்லை நம்பிப் பொருளை ஒப்புக்கொள்ளத் தயக்கம் உண்டு. ஒரு மொழியில் பெயராக நிற்பது மறுமொழியில் வினையாகக் கரைந்துவிடுவதை நாள்தோறும் காண்கிறேன்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர்களான குவைன், பட்னம் ஆகியோரின் வாதம் இலக்கணத்தைச் சார்ந்ததன்று. பௌதிகத்தை மெய்யென ஏற்கிறோம். அப்பௌதிகமோ எண்களின்றி ஓரடியும் நகராது. எலெக்ட்ரானைக் கண்ணால் காணாமலே உண்டென்று ஏற்பவர், அதே காரணத்தால் அதே கொள்கையில் இடம்பெறும் எண்ணை மட்டும் விலக்குவது நியாயமாகாது.

இதற்கு விடையாக 1980-இல் ஹார்ட்ரி ஃபீல்ட், நியூட்டனின் ஈர்ப்புக் கொள்கையை எண்களே இல்லாமல் எழுதிக் காட்டினார். அளவுகளை எண்ணால் குறிக்காமல், புள்ளிகளிடையே உள்ள உறவுகளைக் கொண்டே கூறினார். எண்களை வெளியேற்றிவிட்டு எண்ணிறந்த புள்ளிகளைக் குடியேற்றினார் என்று குறை கூறியோர் உண்டு. புள்ளிகள் பௌதிகப் பொருள்களே என்பது அவர் மறுமொழி. இம்முறை குவாண்டம் கொள்கைக்குப் பொருந்துமா என்று மாலமென்ட் 1982-இல் ஐயம் எழுப்பினார்.

எனக்குத் தடையாக இருப்பது வேறு. 30-க்கும் 40-க்கும் இடையே 31, 37 என இரண்டு பகா எண்கள் உண்டு. ஃபீல்டின் கணக்கில் இது கண்டிப்பாகப் பார்த்தால் பொய். கணிதம் என்னும் கதைக்குள் மட்டுமே மெய். கதையில் வரும் அரசனுக்கு ஆசிரியன் விரும்பினால் மூன்றாம் மகனைத் தரலாம். அவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது பகா எண்ணைத் தருவார் எவர்?

ஆகவே, எண்கள் உண்டென்பாரின் பக்கமே நான் சாய்கிறேன். எனினும், எவ்விடத்திலும் இல்லாத, எதையும் தாக்காத ஒன்றை மனிதர் எங்ஙனம் அறிகின்றனர் என்று 1973-இல் பெனசெராஃப் எழுப்பிய வினாவுக்கு இப்பக்கத்தார் அனைவரும் ஒப்பும் விடை இன்னும் கிடைத்தபாடில்லை.