காணாமற்போன குடும்ப அட்டையைத் திரும்பப் பெறுதல்

(சேலம், நாமக்கல் வட்டார விவசாயிகள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பழைய குடும்ப அட்டை புத்தக வடிவில் இருந்தது. 2005 முதல் 2009 வரை என்று அச்சிட்டிருந்ததை, உள்தாள் ஒட்டி ஒட்டி 2017 வரை வைத்திருந்தோம். அது பெட்டியை விட்டு அதிகம் வெளியே வராது. 2017 ஏப்ரல் முதல் வழங்கப்பட்ட மின்னணு அட்டையோ சட்டைப் பையில் அடங்கி விடுகிறது. ஆகவே மரவள்ளிக் காட்டிலும், சந்தையிலும், பேருந்திலும் எளிதாக விழுந்தும் விடுகிறது.

அட்டை தொலைந்தாலும் உங்கள் குடும்பத்தின் பெயர் பதிவேட்டில் அப்படியே இருக்கிறது. ஆகையால் அந்த மாத அரிசியை விட்டுவிட வேண்டாம். அட்டையில் பெயருள்ள ஒருவர் நேரில் சென்று, நியாய விலைக் கடை விற்பனையாளரிடம் விவரம் சொல்லி, கைரேகை வைத்துப் பொருள் கேட்கலாம். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை சரியாக விழாது. அப்போது கருவிழிப் பதிவோ, செல்பேசிக்கு வரும் இரகசிய எண்ணோ உதவும். குறையிருந்தால் 1967 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.

நகல் அட்டைக்குப் பொது விநியோகத் திட்ட இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். இதற்கு அரசு வாங்கும் கட்டணம் சொற்பம். இடைத்தரகருக்கு நூற்றுக்கணக்கில் கொடுப்பது வீண் செலவு.

நம்மவர் பலர் சிக்கிக் கொள்வது செல்பேசி எண்ணில்தான். திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். அவன் இரண்டு முறை எண்ணை மாற்றியிருப்பான். இரகசிய எண் எங்கோ போகும், விண்ணப்பம் நகராது. அத்தகையோர் வட்ட வழங்கல் அலுவலகத்தை அணுகலாம். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை வட்டந்தோறும் நடத்தப்படும் பொது விநியோகக் குறைதீர் முகாமிலும் எண்ணை மாற்றிக் கொள்ளலாம். முகாம் எந்த ஊரில் என்பதை முன்பே விசாரித்துச் செல்லுங்கள்.

ஆதார் அட்டையும் இவ்வாறே. எண் மறந்து போனால் 1947-ஐ அழைத்துக் கேளுங்கள். சுதந்திரம் பெற்ற ஆண்டு, நினைவில் நிற்கும். செல்பேசி எண் மாறியிருந்தால் ஆதார் மையத்திற்கு நேரில் சென்று புதுப்பியுங்கள். இணையத்திலிருந்து எடுத்து அச்சிட்ட தாளுக்கும் அட்டைக்குரிய மதிப்பு உண்டு. கடைகளில் செய்து தரும் பிளாஸ்டிக் பிரதிகளில் பாதுகாப்பு அம்சங்கள் இல்லை என்று ஆதார் ஆணையம் 2022 ஜனவரியில் எச்சரித்துள்ளது. பி.எம். கிசான் உதவி ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வருவது ஆதார் எண்ணை வைத்துத்தான். அட்டை தொலைந்ததால் மட்டும் அது நிற்காது.

வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8. விவரத்திற்கு 1950.

குடும்ப அட்டை எண், ஆதார் எண், பதிவு செய்த செல்பேசி எண் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வீட்டுப் பெண்களிடம் கொடுத்து வையுங்கள். மோட்டார் அறையில் வைக்க வேண்டாம், எலி விடாது.